எழுதினால் காசு தருவார்களா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடமாகச் சமையலறை, பாத்திரம் பண்டம் சம்பந்தப்பட்ட சின்னச் சின்ன இணையதளங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். கல்யாண வீடு, ரேஷன் கடை வரிசை, மகன் பள்ளி வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாட்ஸாப்பில் ஒரே பதிலை நாற்பது தடவை தட்டி விரல் வலித்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நிஷ் தளம் நிஷ் தளம்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அதையே தோண்டிக்கொண்டிருக்கும் தளம். பொதுவாகச் சமையல் அல்ல, இரும்புப் பாத்திரத்தில் சமைப்பது மட்டும். பொதுவாகச் செல்லப்பிராணி அல்ல, வேட்டை நாய் இனங்கள் மட்டும். மாடித்தோட்டம், கைத்தறிச் சேலை, இரட்டைக் குழந்தை வளர்ப்பு, சைக்கிளில் ஊர் சுற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் எங்கேயோ நாலு தளம் இருக்கும், அதை விழுந்து விழுந்து படிக்க ஆளும் இருக்கும்.

அவ்ளோ சின்ன தளம் எப்படிங்க காசு கொடுக்கும்?

இதைத்தான் எழுதப் போவதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டும். விளம்பரத்தில் ஓடும் தளம் இருக்கிறது. 'இந்த இணைப்பில் வாங்குங்கள்' என்று சொல்லி கமிஷனில் ஓடும் தளம் இருக்கிறது. வாசகர் சந்தாவில் ஓடுவதும், தன் பொருளை விற்பதற்காகவே நடத்தப்படுவதும் இருக்கிறது. என் அனுபவத்தில் கடைசி வகைதான் நிதானமாகக் காசு தருகிறது, அதாவது விதை விற்கும் கம்பெனி, பாத்திரம் விற்கும் கம்பெனி தன் பொருளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கட்டுரைப் பகுதி. பெருமை கம்மி, பணம் தேதிக்கு வரும்.

விளம்பரத்தையும் கூகுள் தேடலையும் மட்டும் நம்பி இருந்த தளங்கள் 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது நிறைய அடி வாங்கின. 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடலுக்கு மேலேயே ஏஐ பதிலைக் காட்ட ஆரம்பித்ததும் இன்னும் சுருங்கின. எனக்கு வழக்கமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு தளங்கள் அப்படித்தான் மூடப்பட்டன. அதனால் கடைசியாக எப்போது கட்டுரை போட்டிருக்கிறார்கள் என்று தேதியைப் பாருங்கள். எட்டு மாதமாகப் புதிதாக ஒன்றும் இல்லை என்றால் அங்கே கடிதம் போடுவது, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

எனக்கு எதுலயும் பெரிய அனுபவம் இல்ல, வீட்லதான் இருக்கேன். எதைப் பத்தி எழுதுறது?

'வீட்லதான் இருக்கேன்' என்று சொன்ன ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், அவர் வீட்டில் பதினைந்து வருடமாக ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாங்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குத் தெரியும். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும், கூடவே தரை அதிராமலும் நிழல் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் காது கேட்காத குட்டி அதை வைத்தே விழித்துவிடும். இந்த 'நிழல் படாமல்' இருக்கிறதே, அதற்குத்தான் எடிட்டர் காசு கொடுக்கிறார். நாய் வளர்ப்பின் பத்து நன்மைகளை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

என் கதையும் அதே. எனக்குத் தெரிந்தது கல்சட்டி, இரும்புச் சட்டி, ஈயம் பூசிய பித்தளை. மாமியார் வீட்டுப் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் தேய்த்துப் புழங்க ஆரம்பித்ததில் வந்த அறிவு. உங்கள் கை எதைப் பழகியிருக்கிறது என்று பாருங்கள், அக்கம்பக்கத்தார் எதற்கு உங்களைத் தேடி வந்து கேட்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். தமிழ்லயே எழுதி சம்பாதிக்க முடியுமா?

முடியும், ஆனால் இடங்கள் குறைவு, தொகையும் குறைவு. தமிழில் தனித்துறைத் தளங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். பெரிய ஊடக நிறுவனங்களின் விவசாய, மகளிர், ஆரோக்கியப் பகுதிகளும், தமிழில் வாடிக்கையாளரைப் பிடிக்க நினைக்கும் கம்பெனிகளும்தான் பெரும்பாலும் எழுத ஆள் எடுக்கிறார்கள்.

இங்கிலீஷ் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். இலக்கணம் அப்படி இப்படி இருந்தால் திருத்துவதற்கு அங்கே ஆள் இருக்கிறது. திருத்த முடியாதது விஷயம் இல்லாமை. என் முதல் ஆங்கிலக் கட்டுரை சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தது, இருந்தாலும் வெளியிட்டார்கள், பணமும் கொடுத்தார்கள்.

சரி, இந்தத் தளங்களை எங்கேதான் தேடுறது? எனக்கு ஒண்ணுமே சிக்க மாட்டேங்குது.

உங்கள் துறையின் பெயரோடு 'ரைட் ஃபார் அஸ்', 'கான்ட்ரிபியூட்டர் கைட்லைன்ஸ்', 'பிட்ச்' போன்ற சொற்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். வருவதில் பாதி குப்பை. 'விருந்தினர் பதிவு' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் காசு கிடையாது, சில இடங்களில் உங்களிடமே காசு கேட்பார்கள். எவ்வளவு தருவோம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் தளத்துக்கு முதல் மரியாதை கொடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் துறையில் ஏற்கெனவே எழுதுகிற ஒருவரைப் பிடித்து, அவர் பெயரைத் தேடி, அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வெளியாட்களிடம் கட்டுரை வாங்கும் தளங்களின் பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும். லிங்க்டின் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் அந்தத் தளத்தின் எடிட்டர் யார் என்று தேடி அவருக்கே நேராக எழுதலாம். 'இன்ஃபோ' என்று தொடங்கும் பொது முகவரிக்கு அனுப்பினால் யார் திறப்பார்கள் என்றே தெரியாது.

பிட்ச் அனுப்பணும்னு சொல்றாங்க. முழுக் கட்டுரையையே எழுதி அனுப்பிட்டா ஆகாதா?

அனுப்பலாம், ஆனால் மூன்று நாள் உழைப்பு வீணாகும் வாய்ப்பு அதிகம். பிட்ச் என்பது 'இதைப் பற்றி இப்படி எழுதட்டுமா' என்று கேட்கும் எட்டுப் பத்து வரிக் கடிதம். சரி என்றால் எழுதுவீர்கள், இல்லையென்றால் எட்டு வரியோடு போச்சு. 'நான் ஆர்வமுள்ள எழுத்தாளர், எந்தத் தலைப்பில் கொடுத்தாலும் எழுதுவேன், வாய்ப்பு தரவும்' என்று எழுதுவது பிட்ச் இல்லை, மனு. முதல் வருடம் நானும் இதையே முப்பது பேருக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை.

எனக்கு முதல் வேலை வாங்கிக்கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "இரும்புக் கல்லைப் பழக்குவது பற்றி உங்கள் தளத்தில் பதினொரு கட்டுரை படித்தேன். எல்லாமே ஓவனுக்குள் வைக்கச் சொல்கின்றன. எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் ஓவன் கிடையாது. புதுத் தோசைக்கல்லை வடித்த கஞ்சியில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் துடைத்து அடுப்பிலேயே பழக்கிவிடுவோம். கடையில் ஒரு புதுக் கல் வாங்கி ஏழு நாள் படம் எடுத்து, எத்தனையாவது நாளில் தோசை ஒட்டாமல் வந்தது என்று காட்டி 1,200 சொல்லில் எழுதட்டுமா?" இரண்டாவது நாளே பதில் வந்துவிட்டது. (ஐந்தாவது நாள் ஒட்டாமல் வந்தது. நாலாவது நாள் தோசையை யாரும் சாப்பிடவில்லை.)

இதில் வேலை செய்தது என் நடை அல்ல. அவர்கள் தளத்தைப் படித்திருக்கிறேன், அங்கே இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நானே செய்து பார்த்துக் காட்டப் போகிறேன், இவ்வளவுதான். அப்புறம், பருவத்துக்கு முன்னால் அனுப்புங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதற்காக ஆடி பிறந்த பிறகு விதைப்புக் கட்டுரைக்குப் பிட்ச் போட்டால் எடிட்டர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். வைகாசியிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அனுப்பி பத்து நாள் ஆச்சு மேடம். பதிலே இல்ல. திட்டிட்டாங்களோ?

திட்டவில்லை, பார்க்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே கடிதத்துக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு ஞாபகப்படுத்தல். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே யோசனையைக் கொஞ்சம் மாற்றி அடுத்த தளத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு ஒரே பிட்சை அனுப்பாதீர்கள், இரண்டு பேர் சரி என்றுவிட்டால் தர்மசங்கடம்.

சாம்பிள் கேக்குறாங்க, நான் எங்கேயுமே எழுதினதில்லையே?

நீங்களே இரண்டு கட்டுரை எழுதி மீடியம் மாதிரி ஏதாவது இலவசத் தளத்தில் போட்டு, அதன் இணைப்பைக் கொடுங்கள். எங்கே வெளியானது என்று பெரும்பாலான சின்னத் தளங்கள் கேட்பதில்லை, படிக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு போதும், பன்னிரண்டு வேண்டாம்.

ஒரு வார்த்தைக்கு எவ்ளோ கேக்கலாம்? கூச்சமா இருக்கு.

நான் ஆரம்பித்தது தளங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொடுக்கும் ஒரு கன்டென்ட் கம்பெனியில், ஒரு சொல்லுக்கு 20 பைசா. 800 சொல் எழுதினால் 160 ரூபாய், எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்போது கணக்குப் போடத் தெரியவில்லை. நீங்கள் போடுங்கள். ஆயிரம் சொல்லுக்கு 50 பைசா வீதம் 500 ரூபாய். தேடிப் படிக்க, எழுத, படம் எடுக்க, திருத்தம் செய்ய என்று ஆறு மணி நேரம் ஆனால் மணிக்கு 83 ரூபாய். மின்சாரமும் இன்டர்நெட்டும் உங்களுடையது. இப்போது நான் இந்தியத் தளங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு 2 ரூபாய்க்குக் கீழே எடுப்பதில்லை. வெளிநாட்டுத் தளங்கள் கட்டுரைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகின்றன, எனக்கு 60 டாலரில் இருந்து 150 டாலர் வரை வந்திருக்கிறது.

தமிழில் எழுதுபவர்கள் தயவுசெய்து சொல் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 'காத்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் ஆறு சொல்லாக எழுத வேண்டும். நான் ஆங்கிலத்தில் ஆயிரம் சொல்லில் எழுதிய ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதியபோது 680 சொல்தான் வந்தது. அதே உழைப்பு, அதே விஷயம், சொல் கணக்கில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு காசு காணாமல் போகிறது. கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். சொல் கணக்குதான் எங்கள் வழக்கம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் வீதத்தை ஒன்றரை மடங்காகக் கேளுங்கள். கூச்சப்படுகிறவர்கள் வாயால் பேச வேண்டாம், மின்னஞ்சலில் ஒரு வரி போதும்.

ஃப்ரீயா ஒரு டெஸ்ட் ஆர்ட்டிகிள் எழுதச் சொல்றாங்க, எழுதலாமா?

இருநூறு சொல் என்றால் எழுதலாம். ஆயிரம் சொல், கீவேர்டு (கூகுளில் ஆட்கள் தேடும் சொல்), படம் எல்லாம் போட்டு முழுக் கட்டுரையாகக் கேட்டால் அது டெஸ்ட் இல்லை, ஓசி. ஒரு தளம் என்னிடம் அப்படி வாங்கிய கட்டுரை, 'நீங்கள் தேர்வாகவில்லை' என்று பதில் போட்ட மூன்றாவது வாரம் அங்கேயே வேறு பெயரில் வந்திருந்தது. அதிலிருந்து டெஸ்டுக்கும் பாதித் தொகை கேட்கிறேன்.

வேலை தர்றதுக்கு 1,500 ரூபா ரெஜிஸ்ட்ரேஷன் கட்டச் சொல்றாங்க. அக்ரிமென்ட் எல்லாம் பக்காவா அனுப்பியிருக்காங்க.

கட்டாதீர்கள். எழுதுகிறவர் காசு வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது, இதற்கு விதிவிலக்கே கிடையாது. இந்த வகையில் மோசமானது டைப்பிங் வேலை: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முடிக்கவே முடியாத அளவு பக்கங்களைக் கொடுத்து, பிழை இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று சொல்லி, வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி நஷ்ட ஈடு கேட்பார்கள். பயந்து கட்டியவர்களை எனக்குத் தெரியும். அப்படி வந்தால் பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

டாலர்ல கொடுத்தா நம்ம கைக்கு எப்படி வரும்? பேபால் போதுமா?

வெளிநாட்டிலிருந்து வாங்க பேபால் போதும். 2021 ஏப்ரலில் இருந்து இந்தியாவுக்குள்ளே கொடுக்கல் வாங்கலுக்கு அது இல்லை, வெளியிலிருந்து வருவதற்கு இருக்கிறது. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்து, எதற்காக வருகிறது என்ற காரணக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த பணம் தானாக வங்கிக்குப் போய்விடும். ஆனால் கட்டணம், டாலரை ரூபாயாக்கும் விகிதம் என்று இரண்டு இடத்தில் கடிக்கும், 100 டாலரில் நாலைந்து டாலருக்கு மேலேயே போகும். பயனீர், வைஸ் போன்ற பணம் அனுப்பும் சேவைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எது கட்டுப்படியாகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் ஒரு பக்கத் தாள்தான் அது.

5,000 பேசிட்டு 4,500தான் போட்டிருக்காங்க. ஏமாத்திட்டாங்களா?

அநேகமாக டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10% பிடித்து அரசுக்குக் கட்டுவார்கள். ஒரே நிறுவனத்திடம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000), ஆனால் சில கணக்காளர்கள் வம்பெதற்கு என்று முதலிலிருந்தே பிடித்துவிடுகிறார்கள். வருமான வரித் தளத்தில் நுழைந்து உங்கள் பான் எண்ணில் அந்த 500 வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம் அல்லது வரியில் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அப்போது கேளுங்கள், ஏமாற்றிவிட்டார்களா என்று. பான் கொடுக்காவிட்டால் 20% போய்விடும். ஜிஎஸ்டி பற்றி வருடம் 20 லட்சம் தாண்டும்போது கவலைப்படலாம், அந்தக் கவலை எனக்கு இன்னும் வரவில்லை.

சாட்ஜிபிடில போட்டு எழுதி அனுப்பினா என்ன தெரிஞ்சிடவா போகுது?

அந்த வேலையை எடிட்டரே செய்துகொள்வார், உங்களுக்கு எதற்குக் காசு? தோசைக்கல் கட்டுரையில் எடிட்டருக்குப் பிடித்தது நாலாவது நாள் ஒட்டிக்கொண்ட தோசையின் படம். அதை எந்த மென்பொருளும் சுட்டுத் தராது. எழுதியதில் எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கிலத்தைச் சரிசெய்ய சில தளங்கள் விடுகின்றன, சில தளங்கள் அதுவும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போடுகின்றன. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கட்டுரை வந்துடுச்சு, மூணு மாசமா பணம் வரல. என்ன பண்றது?

இன்வாய்ஸ் அனுப்பினீர்களா? சிரிக்காதீர்கள், பாதிப் பேர் அனுப்புவதே இல்லை. தேதி, கட்டுரைத் தலைப்பு, தொகை, பான், வங்கி விவரம் போட்டு அனுப்பிவிட்டு, எடிட்டரை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவில் ஆளைப் பிடியுங்கள். 'கட்டுரை வெளியான பிறகு பணம்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அடுத்த முறை 'கட்டுரையை ஏற்ற பிறகு' என்று மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் சில கட்டுரை ஒரு வருடம் கிடப்பில் கிடக்கும்.

இந்திய நிறுவனமென்றால் இன்னொரு பிடியும் இருக்கிறது. உத்யம் பதிவு என்று சிறுதொழில் பதிவு ஒன்று உண்டு, இலவசம், ஆதாரும் பானும் போதும். அது இருந்தால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். ஆனால் வேலை செய்வதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும், சண்டை வந்த பிறகு பதிந்து பிரயோஜனமில்லை. என் அனுபவத்தில் புகார் வரைக்கும் போகவே வேண்டியதில்லை. ஒருமுறை இன்வாய்ஸில் உத்யம் எண்ணையும் அந்த 45 நாள் வரியையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன், நாலாம் நாள் பணம் வந்தது.

ஒரு தளத்துக்கு எழுதினதை நானே தமிழ்ல எழுதி வேற இடத்துக்குக் கொடுக்கலாமா?

ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் இல்லை என்றால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியது முதலில் உங்களுடையது. அதை அவர்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே சொல்கிறது. மொழிபெயர்ப்பு உரிமையும் பதிப்புரிமைக்குள் அடக்கம். 'எல்லா உரிமையும், எல்லா மொழியும், நிரந்தரமாக' என்று எழுதிக்கொடுத்துவிட்டால் தமிழில் போட அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தளமென்றால் பெரும்பாலும் அவர்கள் நாட்டுச் சட்டத்தைத்தான் ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள், அதனால் அங்கே இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

நான் செய்வது, 'தமிழ் உரிமை எழுத்தாளருக்கு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பது. அவர்களுக்குத் தமிழால் ஒரு உபயோகமும் இல்லை, கொடுத்துவிடுகிறார்கள்.

கட்டுரைக்குள்ள ஒரே ஒரு லிங்க் சொருகினா 3,000 தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். எடிட்டருக்குத் தெரியாதுங்கறார்.

தெரியும். இன்று இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து. காசு வாங்கிக்கொண்டு வைத்த இணைப்பை அப்படியென்று குறிக்காவிட்டால் கூகுள் தளத்தையே கீழே தள்ளிவிடலாம், அதனால் எடிட்டர்கள் இதில் மட்டும் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை. அந்த 3,000 ஒரு கட்டுரைத் தொகை, போவது ஒரு தளம். அதேபோல் கம்பெனி இலவசமாக அனுப்பிய சட்டியைப் பற்றி எழுதினால் இலவசமாக வந்தது என்று எடிட்டரிடமும் கட்டுரையிலும் சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த ஒரு சட்டி மட்டமாக இருந்தது, அதையும் எழுதினேன், அந்தக் கம்பெனி அப்புறம் எதுவும் அனுப்பவில்லை.

அப்போ வேலையை விட்டுட்டு முழு நேரமா இதையே பண்ணலாமா அக்கா?

என் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். போன ஜூலையில் 31,000 ரூபாய், ஆகஸ்டில் 4,200, செப்டம்பரில் ஒன்றுமில்லை, அக்டோபரில் தீபாவளிக் கட்டுரைகளால் 38,000. எங்கள் வீட்டு வாடகை மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி கேட்கிறது. அதனால் நான் டியூஷனை இன்னும் விடவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு எட்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், ஏழரை வரைக்கும் தயவுசெய்து யாரும் இதைப் பற்றிக் கேட்க போன் பண்ணாதீர்கள்.